இடப்பக்க மூலையில் என் இனிஷியல்

தில்லியில் எழுபதுகளின் கடைசியிலோ எண்பதுகளிலோ ஏதாவது ஒரு தமிழ்க் கல்யாண வரவேற்புக்குப் போனவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். சினிமாப் பாட்டு இல்லை. ரேடியோவில் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு கிதார், ஒரு பெண் குரல், அவசரமே இல்லாத ஒரு மெட்டு, அவ்வளவுதான். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நாற்காலியில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் யாராவது ஒரு மாமா மேடையோரம் போய், "அந்தப் பாட்டு, அந்தப் பாட்டு" என்பார். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் புரிந்துவிடும். பாட்டு ஆரம்பித்ததும் பந்தியில் இருப்பவர்கள்கூட ரசத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஏனென்றால் அது என்மேல் எழுதப்பட்ட பாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் என் கணவர் எனக்காக உருகி உருகி எழுதி, அவரே மெட்டும் போட்டது. கிட்வாய் நகரிலிருந்து மயூர் விஹார் வரை எங்களைத் தெரிந்த தமிழர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். சிலர் இன்னும் நம்புகிறார்கள்.

அதில் ஒரு வரி வரும்: 'இடது கன்னக் குழியோரம் என் கால் தடுக்குதே.' எனக்கு இடது கன்னத்திலும் குழி கிடையாது, வலது கன்னத்திலும் கிடையாது. கல்யாண வீடுகளில் பெண்கள் என் முகவாயைப் பிடித்துக்கொண்டு, "எங்க, சிரிங்க பார்ப்போம்" என்பார்கள். சிரிப்பேன். உற்று உற்றுப் பார்ப்பார்கள். பிறகு, "முதல் பிரசவத்துக்கு அப்புறம் கன்னம் உப்பிப்போச்சு, அதான் குழி ரொம்பிடுச்சு" என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். எங்கள் காலனி ரோட்டில் எத்தனை மனுக் கொடுத்தும் நடக்காத காரியம் என் கன்னத்தில் நடந்துவிட்டதாக நானும் தலையாட்டி வைப்பேன்.

அவர் இருந்தவரை இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் போய் நான்கு வருஷமாகிறது. கேட்க வேண்டிய இன்னொருத்தியிடம் போனில் கேட்டுவிட்டேன். இனி எழுதலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஓர் அமைச்சகத்தில் டைப்பிஸ்ட். அப்பா வேறொரு அலுவலகத்தில் விஜிலென்ஸ் பிரிவில் இருந்தார். அதாவது, மற்ற குமாஸ்தாக்கள் செய்யும் தப்புகளைக் கண்டுபிடிப்பது அவருக்கு உத்தியோகம். கிட்வாய் நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷமாகியும் அப்பாவின் பேச்சிலிருந்து திருநெல்வேலி போகவில்லை.

என் செக்‌ஷனில்தான் பின்னாளில் என் கணவரானவரும் கிளார்க். திருச்சிக்காரர். கரோல் பாகில் ஒரு மாடி அறையில் இன்னும் மூன்று பேரோடு குடியிருந்தார். ஒல்லி. அவர் போட்டிருந்த பெல்பாட்டம் அவருக்கு ஓரடி முன்னால் நடந்து வரும். பார்த்து மயங்கும்படி எதுவும் இல்லை என்பதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன். ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாள் முழுக்க கோழி கிளறின மாதிரி எழுத்துகளைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் ஒரு டைப்பிஸ்டுக்குத் தெளிவாக எழுதுகிறவன்மேல் ஆசை வந்தால் அதைக் குறை சொல்ல முடியுமா? டைப்புக்கு வரும் தாள்கட்டுக்குள்ளிருந்து அவருடைய டிராஃப்டுகளை முதலில் உருவி எடுத்துக்கொள்வேன். பம்புசெட் ஒதுக்கீடு பற்றி அவர் எழுதிய நினைவூட்டல் கடிதங்களை மூன்று தடவை படித்திருக்கிறேன். அவரோ என்னிடம் ஒரு வருஷத்தில் பேசியது மொத்தமே, "மிஸ், இது அர்ஜென்ட்", "தேங்க்ஸ் மிஸ்" என்ற இரண்டு வாக்கியங்கள்தான்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் கிட்வாய் நகருக்கு வருவார். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் இருந்த ஒரு காலி கராஜில் அவர்களுடைய ஆர்கெஸ்ட்ரா பிராக்டிஸ் நடக்கும். இவர் கிதார், ஒரு வங்காளி அக்கார்டியன், ஒரு பஞ்சாபி பாங்கோ. பாடுவது எங்கள் காலனிப் பெண் ஒருத்தி. ஒரு ஸ்டெனோகிராஃபருடைய மகள், காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். நெற்றியில் விழும் சுருட்டை முடி, பாடும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம், சிரித்தால் இடது கன்னத்தில் குழி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் தமிழ் பேசுவாள், பாடுவாள். படிக்க மட்டும் வராது. நானும் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருநாள், சாப்பாட்டு நேரத்தில், அவர் என் மேஜைக்கு வந்தார். மடித்த தாள் ஒன்றைக் கீபோர்டின் பக்கத்தில் வைத்தார்.

"மிஸ், ஒரு சின்ன உதவி. ஆஃபீஸ் வேலை இல்லை."

பிரித்தேன். அதே முத்து எழுத்து, ஆனால் தமிழ். மூன்று சரணம்.

"விழாவுல பாடப்போறோம். நானே எழுதினது. அவங்களுக்குத் தமிழ் படிக்க வராது இல்லையா, அதான்… இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும். ஆறு காப்பி."

முதல் சரணத்தைப் படித்தேன். சுருட்டை முடி. இரண்டாவது சரணத்தில் கண்ணை மூடிப் பாடுவது. மூன்றாவதில் கன்னக் குழி. அதற்கப்புறமும் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாருக்காக எழுதினது?"

காது சிவந்தது அவருக்கு. "அவங்களுக்குத்தான். அவங்க பாடி முடிச்சு இறங்கினதும் சொல்லிடலாம்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ். உங்களை நம்பித்தான் குடுக்கறேன்."

நம்பகமான டைப்பிஸ்ட். அவரிடம் எனக்கு இருந்த பதவி அவ்வளவுதான் என்று அப்போது தெரிந்தது. பாத்ரூமில் போய் அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்து மெஷினில் தாள் சொருகினேன்.

ஒரு தாள், ஒரு கார்பன், மறுபடி ஒரு தாள், மறுபடி ஒரு கார்பன் என்று ஆறு தாளும் ஐந்து கார்பனும். ஆறாவது தாள் வரை எழுத்து விழ வேண்டுமானால் விசையை ஓங்கி அடிக்க வேண்டும். அன்று ஓங்கி அடிப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அவளுடைய சுருட்டை முடியையும் கன்னத்தையும் அந்த மெஷினில் நான் அடித்த அடி பக்கத்து மேஜைவரை கேட்டது.

இப்போது ஆஃபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தக் கடிதம் அடித்தாலும் முடித்ததும் தாளின் அடியில் இடப்பக்க மூலையில் எழுதியவரின் இனிஷியலைப் போட்டு, ஒரு சாய்கோடு இழுத்து, அந்தப் பக்கம் டைப் அடித்தவளின் இனிஷியலைப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிவதற்காக. ஒரு நாளைக்கு நாற்பது தாளில் அதைப் போடுகிறவள் நான். மூளையைக் கேட்காமல் விரல்களே போட்டுவிடும். பாட்டு முடிந்ததும் விரல்கள் மூலைக்குப் போயின. அவருடைய இரண்டெழுத்து, சாய்கோடு, என்னுடைய இரண்டெழுத்து. தாள்களைப் பிரித்து அவரிடம் கொடுத்தேன். அவரும் அதைக் கவனிக்கவில்லை. தினம் பார்க்கிற கண்ணுக்கு அந்த மூலை தெரியவே தெரியாது.

பொங்கல் விழா சாயங்காலம் நான்கு மணிக்கு, காலனி மைதானத்தில் ஷாமியானா போட்டு. தில்லி ஜனவரிக் குளிரில் பட்டுப்புடவைக்குமேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்குமேல் ஷால் என்று பெண்கள் எல்லாரும் ஒரே பருமனில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது வரிசையில் அம்மா, நான், கழுத்தில் மஃப்ளரோடு அப்பா. நிகழ்ச்சிகளை அறிவித்தது ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர். ஆஃபீஸ் கடிதம் எதையும் கையில் தொட்டுப் பார்த்திராதவர். ஆறு காப்பியில் ஒன்று அவரிடம் இருந்தது.

டீச்சர் தாளைப் பார்த்தார், மைக்கைப் பிடித்தார். "அடுத்தது ஒரு புத்தம்புதுக் காதல் பாட்டு. நம்ம கிதார்க்காரரே எழுதி மெட்டுப் போட்டிருக்கார். யாருக்காக எழுதினாரோ அந்தப் பொண்ணும் இங்கேயேதான் இருக்கா. என்னோட பழைய மாணவி!" என்று சொல்லி, என் பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, திருத்தமாக உச்சரித்தார்.

கோட்டைச் சுவர்களிலும் கல்லறைகளிலும் ஜோடிப் பெயர்களைக் கீறி வைக்கிற ஊர் இது. இரண்டு இனிஷியல்களை நடுவில் ஒரு கோட்டோடு பார்த்தால் டீச்சருக்கு வேறென்ன தோன்றும்? ஷாமியானா முழுக்கக் கைதட்டல். பின்வரிசையில் விசில். மேடையில் அவர் கிதாரோடு நின்ற நிற்பை என்னால் மறக்க முடியாது. பாட்டு கிதாரில்தான் ஆரம்பிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் குழி விழ, மூன்று சரணத்தையும் ஒரு பிசிறில்லாமல் பாடினாள்.

நான் எழுந்தேன். அப்பா உதடு அசையாமல், "உக்காருட்டி. எந்திரிச்சுப் போனா ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். உட்கார்ந்தால் மட்டும் என்ன? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷாலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. அப்பா மஃப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். பாட்டு யாருக்காக என்பதை மட்டும் சொல்லவில்லை. அது என்னை நம்பிச் சொன்ன விஷயம். மூலையில் இருப்பது டைப்பிஸ்ட் இனிஷியல் என்றதும் அப்பாவுக்கு நொடியில் விளங்கிவிட்டது. அவர் முகம் தெளிந்தது. அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன்.

"அதானே பாத்தேன்" என்றார். பிறகு, "எந்த மெஷின்ல அடிச்ச?"

"ஆஃபீஸ் மெஷின்ல."

"பேப்பரு?"

"ஆஃபீஸ் பேப்பர்."

"கார்பன்?"

ஐந்து விரலைக் காட்டினேன்.

"அஞ்சு கார்பனா?" என்று அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா? அஞ்சு சர்க்கார் கார்பன்!"

அறைக்கும் சமையலறைக்கும் நாலு தடவை நடந்தார். விஜிலென்ஸ்காரர் மகள் சர்க்கார் சாமானைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லி ஊர் வாயை அடைக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், எந்த மெஷின், யாருடைய கார்பன் என்று ஊர் கேட்கும். ஊரில் பாதிப்பேர் அதே ஆஃபீஸ்களில் இருக்கிறவர்கள்.

கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, "லவ்வுன்னா ஆறு மாசம் பேசுவானுவ, விட்டுருவானுவ. மெமோன்னா ரிட்டயர் ஆகுத வரைக்கும் கூடவே வரும்" என்றார். "பையன் எப்படி?"

இப்படியாக என் அப்பா, ஐந்து கார்பன் தாள்களை மறைப்பதற்காக, ஒரு காதலை ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரோல் பாகுக்குப் போனார். மிரட்டவில்லை என்று சத்தியம் செய்தார். "மெமோ அவனுக்கும் வரும்னு சொன்னேன், பொண்ணு விஷயத்தையும் சொன்னேன். எது வேணும்னு கேட்டேன்" என்றார். கிதார்க்காரர் ஒருநாள் அவகாசம் கேட்டிருக்கிறார். மறுநாள் சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து எங்கள் வாசலில் நின்று, "எனக்குச் சம்மதம் சார்" என்றார். வாழ்நாளில் நான் ஆசைப்பட்ட ஒரே ஆள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த ஒருநாள் அவகாசத்தில் அவர் யாரிடம் போயிருப்பார், என்ன சொல்லிக் கெஞ்சியிருப்பார், அவள் எப்படிக் கதவைச் சாத்தியிருப்பாள் என்று நினைத்ததும் அந்தச் சந்தோஷத்தின்மேல் மண் விழுந்தது. வைகாசியில் கல்யாணம். எங்கள் வரவேற்பில் அந்தப் பெண் பாடவில்லை. பரீட்சை என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வருஷமே ஒரு கப்பல் இன்ஜினீயரைக் கட்டிக்கொண்டு பம்பாய் போய்விட்டாள். மனசு உடைந்து, கிடைத்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள் என்று நான் முடிவு கட்டினேன்.

பாட்டு மட்டும் எங்களை விடவில்லை. வேறு வேறு பெண்கள் பாடினார்கள். காஸெட் டேப்பில் பதிந்து, அதிலிருந்து இன்னொன்று பதிந்து, ஆர்.கே.புரம், லோதி காலனி என்று பரவியது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எங்களிடம் வந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். காதல் என்றால் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவரோ ரேஷன் கடையில் என்னை வரிசையில் நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கடையில் கிதார் கம்பி விலை கேட்கப் போகிற ஆள்.

நல்ல கணவர்தான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும், டீ டம்ளரைக் கையில் வாங்கினவுடன் அவருக்கு ஒரு கதை வந்துவிடும். "இவ என்னை எப்படிப் பிடிச்சா தெரியுமா? டைப் அடிச்சுப் பிடிச்சா. வேணும்னே மூலையில இனிஷியல் போட்டு ஊருக்கே காட்டிக்குடுத்துட்டா. நான் என்ன செய்ய முடியும்? மாட்டிக்கிட்டேன்!"

"கை வழக்கம். எல்லாத் தாளிலும் போடற மாதிரி போட்டேன்" என்பேன்.

"பன்னிரண்டு வருஷமா அதே பதில்தான். ஃபைல்ல எழுதற நோட்டிங்கூட இப்படி மாறாம இருக்காது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

எனக்குத்தான் சிரிப்பு வராது. அவருக்கு அது கேலி, எனக்குக் குற்றப்பத்திரிகை. இன்னொருத்திக்குப் போக வேண்டிய பாட்டை, இன்னொருத்திக்குப் போக வேண்டிய மனுஷனை, என் விரல்கள் திருடிக்கொண்டுவிட்டன. விரல்கள் தானாகச் செய்ததா, இல்லை பாத்ரூமில் அழுதுவிட்டு வந்தவள் செய்ததா? சத்தியமாக எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் அவர் சிரித்துச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் அவ்வளவு கோபமாக மறுத்தேன். இவர் வாய் சிரிக்கிறதே, மனசு அவளை நினைத்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் பாட்டு முடியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஐஸ்கிரீம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் மயூர் விஹாரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்திருந்தோம். லிஃப்ட் கிடையாது. ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். ஏதோ கல்யாணத்துக்குத் தில்லி வந்தவள் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். குழி அப்படியே இருந்தது. பிரசவம் அதை ஒன்றும் செய்யவில்லை.

இவர் உள்ளே போய்ப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பட்டன் ஒன்று மாறியிருந்தது. ஐந்து நிமிஷம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "ஜிலேபி வாங்கிட்டு வரேன், சூடா போடுவான்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். குழந்தைகள் பக்கத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

காப்பியை அவள் கையில் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தால் சொல்லவே முடியாது என்று தெரிந்தது. நின்றுகொண்டே சொன்னேன். "அந்தப் பாட்டு என்னோடது இல்லை. உனக்காக எழுதினது. நீ பாடி முடிச்சதும் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தார். என் இனிஷியலைப் பார்த்து டீச்சர் தப்பா சொல்லிட்டாங்க. இத்தனை வருஷமா நான் சும்மா இருந்துட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அக்கா, எனக்குத் தெரியும்! முதல் பிராக்டிஸ்லயே தெரியும். என் கன்னம் எனக்குத் தெரியாதா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"டீச்சர் ஸ்டேஜுக்குப் பின்னாடி வந்து, 'இது என்னடி மூலையில ரெண்டு இனிஷியல்'னு என்கிட்டத்தான் கேட்டாங்க. எங்கப்பா ஸ்டெனோ, அக்கா. அது என்னன்னு எனக்குத் தெரியாதா? நான்தான் 'டெடிகேஷன் மேடம், அந்தப் பொண்ணு மூணாவது வரிசைல உக்காந்திருக்கா, பேர் சொன்னா குஷி ஆயிடுவா'ன்னு சொன்னேன்."

"ஏன்?" என்றேன்.

"வேற என்ன பண்றது? ரொம்ப நல்லவரு. வாயைத் திறந்து ஒருநாள் சொல்லியிருந்தா 'நஹி பையா', வேண்டாம் அண்ணான்னு அன்னிக்கே முடிச்சிருப்பேன். சொன்னாத்தானே? பிராக்டிஸ் முடிஞ்சு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு எங்க வீடு வரைக்கும் கூடவே வருவாரு, பேசாம. நான் முதல் நாள்லேருந்து பையா பையான்னுதான் கூப்பிட்டேன். தில்லியில கறிகாய்க்காரனையும் அப்படித்தானே கூப்பிடறாங்கன்னு விட்டுட்டார்போல. அண்ணன் கையில கட்டற ராக்கிகூட வாங்கி வெச்சிருந்தேன் அக்கா! அன்னிக்கு வயித்துவலின்னு வரவே இல்ல."

அந்த ஒருநாள் அவகாசத்தில் இவர் அவளிடம் போயிருக்கிறார். வாசலிலேயே அவள் இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "கங்கிராட்ஸ் பையா, அக்காவை நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லி, வாயில் ஒரு பேடாவையும் போட்டுவிட்டாளாம். வாயில் பேடா இருக்கும்போது ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அவள் கல்யாணமும் மனசு உடைந்து செய்துகொண்டது இல்லை. அந்தக் கப்பல்காரரை அவளே பார்த்துப் பிடித்து, வீட்டில் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டாளாம்.

"அதுவும் இல்லாம…" என்று அவள் என் கையைப் பிடித்தாள். "நீங்க அந்தப் பெட்டிமேல உக்காந்து மேகஸின் வெச்சிருப்பீங்க. ரெண்டு மணி நேரத்துல ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டீங்க. நான் கண்ணை மூடிப் பாடறேன்னு எல்லாரும் நினைச்சாங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். பன்னிரண்டு வருஷம்! அவள் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை நான் திருட்டுச் சொத்து மாதிரி மறைத்து வைத்து, ஒவ்வொரு கல்யாணத்திலும் குன்றிப்போயிருக்கிறேன். நானும் திருடி இல்லை, அவளும் பறிகொடுத்தவள் இல்லை. இரண்டு பேருமாகச் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

பிறகு அவர் நினைவு வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசாமல் நடந்த அந்த ஒல்லி ஆள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மூன்று சரணம் எழுதியவர். அந்தப் பாட்டின் முதல் வரி பாடப்படுவதற்கு முன்பே மேடைக்குப் பின்னால் அவரை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அதை அவர் கடைசிவரை அறியவே இல்லை. ஒரு டைப்பிஸ்ட் தன்மேல் உயிரையே வைத்து, சூழ்ச்சி செய்து தன்னைப் பிடித்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்தப் பெருமை ஒன்றுதான் அந்தக் கதையில் அவருக்குக் கிடைத்தது. அதையும் ஒவ்வொரு தடவையும் நான் 'கை வழக்கம்' என்று பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வீட்டில் அவரை வேண்டும் என்று யாரும் அவர் காதுபடச் சொன்னதே இல்லை, நான் உட்பட.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பக்கச் சட்டை நனைந்து, ஜிலேபிப் பொட்டலத்தை மட்டும் நனையாமல் குடைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது. உடனே வழக்கமான கேலிக்குள் புகுந்துகொண்டார்.

"என்ன, பழைய கதையா? இவ சொல்லியிருப்பாளே, கை வழக்கத்துல அடிச்சேன்னு."

"இல்லைங்க" என்றேன். "வேணும்னுதான் அடிச்சேன்."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் குடையை மடக்காமல் அப்படியே நின்றார். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"என்ன சொன்னே?"

"எனக்கு நீங்க வேணும்னு இருந்தது. அதனால அடிச்சேன்."

அவர் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, தட்டு எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. வரும்போது கண் சிவந்திருந்தது. மூன்று பேருக்கு ஏழு தட்டு எடுத்து வந்திருந்தார்.